அரிதாரமும் அடிப்பூச்சும்

ஒருவன் நடிகனாகிவிட்டான் என்பதைத் தமிழில் ‘அரிதாரம் பூசினான்’ என்று சொல்கிறோம். அரசியல்வாதி ஒருவன் வேடம் போட்டாலும் அதே சொல்தான். செய்தித்தாள் தலைப்புகளில் இச்சொல்லை நானே எத்தனையோ தடவை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அரிதாரம் என்பது ஒரு கல்லின் பெயர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்து மண்ணுக்குள் விளைந்த, பொன்போல மின்னும் மஞ்சட்கல் அது. வடமொழியில் ஹரிதாலம். சித்த மருத்துவர்கள் அதைத் தாளகம் என்று அழைத்துப் பாடாணங்களின் வரிசையில் வைத்தார்கள். பாடாணம் என்றால் நஞ்சு. ஆக, ஒரு கலையை அதன் முகத்தில் பூசிய நஞ்சின் பெயராலேயே அழைக்கும் மொழி நம்முடையது.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியின் இருமருங்கிலும் உள்ள அழகுசாதனக் கடைகளில் ‘மினரல் பவுடர்’ என்ற பெயரோடு சிறிய டப்பாக்கள் அடுக்கப்பட்டுள்ளன. கனிமம் என்றால் இயற்கை, இயற்கை என்றால் தீங்கற்றது என்ற நம்பிக்கையில் அவை விற்கின்றன. வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு: முகத்தில் ஏற்கெனவே பூசியுள்ள கிறீமின்மேல் இந்தப் பொடி திட்டுத்திட்டாகாமல் எப்படி உட்காரும்? இது உடம்புக்குக் கேடா? முதலாவது கேள்விக்கான விடை பல நூற்றாண்டுகளாக மாறவே இல்லை. இரண்டாவதன் விடையோ காலப்போக்கில் தலைகீழாகப் புரண்டுவிட்டது. அந்தப் புரட்டலின் கதையே இக்கட்டுரை.

எண்ணெயும் கல்லும்

நமக்கு மிக அண்மையில், இன்றும் பழைய முறை மாறாமல் நிற்கும் இடம் கேரளத்தின் கதகளி அணியறை. அங்கே மஞ்சளுக்கு மனயோலை. அது நம் அரிதாரமேதான். சிவப்புக்குச் சாயில்யம், அது நாம் சாதிலிங்கம் என்று சொல்லும் பாதரசக் கனிமம். இக்கற்களைத் தேங்காய் எண்ணெய் விட்டு அம்மியில் அரைப்பதுபோல் நெடுநேரம் அரைக்கிறார்கள். அரைபடும் நேரம் கூடக்கூடப் பூச்சு வழுவழுப்பாகிறது. பச்சை வேடத்துக்கு மனயோலையோடு நீலத்தைக் கலக்கிறார்கள். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலொழியக் கனிமம் ஒட்டாது. எண்ணெய் மிகுந்தால் வியர்வையோடு வழிந்துவிடும். அந்த அளவைக் கைதான் அறியும்.

நம் கூத்து மரபும் இதே இலக்கணத்தில் நின்றது. அரிதாரம், சாதிலிங்கம், முத்துவெள்ளை, கரி, தேங்காய் எண்ணெய் என்று ஒப்பனைப் பெட்டி சுருக்கமானது. மட்டக்களப்பின் வட்டக்களரியிலும் யாழ்ப்பாணத்தின் கோயில் வீதிகளிலும் விடியவிடிய ஆடப்பட்ட கூத்துகளுக்கு ஒளி தந்தவை தீப்பந்தங்களும் எண்ணெய் விளக்குகளும். அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்தில் சாதாரண முகம் இருண்டு மறைந்துவிடும். எண்ணெயில் குழைத்த மஞ்சட்கனிமமோ ஒளியை வாங்கித் திருப்பி வீசும். கடைசி வரிசையில் பாய்விரித்து இருப்பவனுக்கும் கர்ணனின் முகம் தெரியவேண்டுமல்லவா? பெற்றோமக்ஸ் வந்தபோது மஞ்சள் வெளிறியது. மின்விளக்கு வந்தபோது தடித்த பூச்சு பொய்முகமாகத் தெரிந்தது. முகப்பூச்சின் வரலாற்றில் பாதி விளக்கின் வரலாறு என்று நான் கருதுவது இதனால்தான்.

கூத்தனின் முகத்தில் அந்தப் பூச்சு இருந்தது சில இரவுகள். அதை அரைத்தவனின் கையிலும் மூச்சிலும் இருந்தது ஆயுள் முழுவதும். அரிதாரத்தின் கந்தகச் சேர்மம் நீரில் எளிதிற் கரையாதது. ஆனால் அதில் கலந்திருக்கும் ஆசனிக்கு ஒட்சைட்டு கரையக்கூடியது, தோலை அரிப்பது. மேடை ஏறாத அந்த ஒப்பனைக்காரனின் உடல்நிலையைப் பற்றி எந்த நாடக வரலாறும் அத்தியாயம் ஒதுக்கியதாக நான் படித்ததில்லை.

நீறு கற்றுத்தந்த இருவழிகள்

பொடியைத் தோலில் தரிக்கும் முறையைத் தமிழர்க்கு ஒப்பனைப் புத்தகங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. சைவப் பிள்ளைகள் சிறுவயதில் சமயபாட வகுப்பிலேயே அதைப் படித்துவிடுகிறார்கள். திருநீற்றை நீர் கலவாமல் பரவப் பூசுவது உத்தூளனம். நீரிற் குழைத்து மூன்று குறிகளாக இடுவது திரிபுண்டரம். நல்லூர் ஆறுமுக நாவலரின் பாலபாடம், சைவவினாவிடை வழிவந்த கல்வியில் வளர்ந்த எவருக்கும் இது மனப்பாடம். உலர்ந்த பொடி மென்மையாகப் படரும், ஆனால் விரைவில் உதிரும். நனைந்த பொடி அழுத்தமாகப் பதியும், ஆனால் கோடு தெரியும். உலகின் முகப்பொடிகள் எல்லாம் இந்த இரு வழிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. நீரின் இடத்தில் எண்ணெய், கொழுப்பு, மெழுகு, கிறீம் என்று குழைக்கும் பொருள் மட்டும் மாறிமாறி வந்தது.

மணப்பொடியை நம் முன்னோர் சுண்ணம் என்றார்கள். அதை இடிக்கும் பெண்களின் பாட்டாகவே மாணிக்கவாசகர் திருப்பொற்சுண்ணத்தை அமைத்தார். பொடிசெய்வது ஒரு காலத்தில் கூடிச்செய்யும் வேலையாகவும் பாட்டுக்குரிய வேலையாகவும் இருந்தது என்பதற்கு அது சான்று.

வெள்ளையின் விலை

மஞ்சளைவிட அதிக உயிர்களை வாங்கியது வெள்ளை. ஐரோப்பாவின் அரசவைகளிலும் யப்பானின் அரங்குகளிலும் முகத்துக்குப் பூசப்பட்ட வெள்ளை பெரும்பாலும் ஈயவெள்ளை. ஈயத்தைக் காடியின் ஆவிபடவைத்துப் பெறும் பொடி அது. அதை விரும்பியதற்குக் காரணம் அறியாமை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. ஈயவெள்ளையைப்போல் தோலில் ஒட்டிக்கொண்டு, மடிப்புகளை மறைத்து, ஒரே சீராகப் படியும் வேறு பொடி அன்று இருக்கவில்லை. வழுவழுப்புக்கு மனிதர் கொடுத்த விலை அது.

1887ஆம் ஆண்டு யப்பானியச் சக்கரவர்த்தி மெய்ஜியின் முன்னிலையில் கபுக்கி நாடகம் ஒன்று நடந்தது. பெண்வேடமேற்பதில் புகழ்பெற்ற நான்காம் நக்கமுரா ஃபுக்குசுக்கேயின் கால்கள் அன்று நிறுத்தமுடியாமல் நடுங்கின. ஆண்டுக்கணக்கில் பூசிய ஈயவெள்ளையின் விளைவென்று பின்னர் அறியப்பட்டது. அரசனின் கண்முன்னே நடந்ததால் அது செய்தியாயிற்று. ஈயமற்ற பொடியைத் தேடும் முயற்சிகள் அதன்பின் வேகம் பெற்றன. ஆயினும் கொடுமை அத்தோடு நிற்கவில்லை. அக்காலத்தில் யப்பானியக் குழந்தைகளிடையே மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோய் பரவலாக இருந்தது. கியோத்தோவின் குழந்தை மருத்துவர் ஹிராய் இக்குத்தாரோ 1923இல் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். தாய்மார் முகத்திலும் மார்பிலும் பூசிய ஈயவெள்ளையே அக்குழந்தைகளின் உடலுக்குள் போயிருந்தது. ஈயவெள்ளை ஒப்பனைப் பொடியின் உற்பத்தி அங்கே முற்றாக நின்றது 1930களின் நடுப்பகுதியில்தான். நடிகனின் கால் நடுங்கியதற்கும் தடைக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு. எச்சரிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையிலான இத்தகைய தூரத்தைச் செய்தியாளன் என்ற முறையில் நான் பல துறைகளில் கண்டிருக்கிறேன்.

ஜேர்மனியில் மாற்று ஒரு பாடகரிடமிருந்து வந்தது. ஒப்பரா மேடையில் பாடிவந்த லுட்விக் லைக்னர், ஈயம் கலவாத கொழுப்புப் பூச்சுகளைத் தயாரித்து 1873இல் பெர்லினில் தொழில் தொடங்கினார். குச்சிவடிவில் வந்த அந்தப் பூச்சுகளுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. ஐந்தாம் எண் தந்தநிறம், ஒன்பதாம் எண் செங்கல்நிறம். இரண்டையும் கலந்தால் ஐரோப்பியனின் மேனிநிறம். ஆங்கில நாடகக் குழுக்களில் ‘ஐந்தும் ஒன்பதும்’ என்பது பல தலைமுறைகளுக்கு ஒரு மந்திரம்போல் வழங்கியது. கொழுப்புப் பூச்சு பளபளக்கும் என்பதால் அதன்மேல் பொடியை ஒற்றி அமர்த்தவேண்டும். கீழே பசை, மேலே பொடி என்ற பழைய இலக்கணம் இங்கும் மாறவில்லை.

கொழும்பு மேடையில்

1911இல் பம்மல் சம்பந்த முதலியார் தம் சுகுண விலாச சபையோடு சென்னையிலிருந்து கொழும்பு வந்து நாடகங்கள் ஆடினார். அவற்றால் ஈர்க்கப்பட்ட இளைஞர்களுள் ஒருவர் க.சொர்ணலிங்கம். பின்னாளில் கலையரசு என்று போற்றப்பட்ட அவர் பம்மலாரைத் தம் குருவாகக் கொண்டு 1913இல் இலங்கை சுபோத விலாச சபையை ஆரம்பிப்பதில் முன்னின்றார். கற்றவர்கள், உத்தியோகத்தர்கள் மேடையேறிய சபை அது. பெண்வேடங்களையும் ஆண்களே ஏற்ற காலம். மழித்த தாடையின் பச்சை நிழலை மறைத்துப் பெண்ணின் முகமாக்குவது பூச்சின் பொறுப்பு. இந்த நிலையில் முகப்பூச்சு கூத்தனின் பெருங்கோடுகளிலிருந்து விலகி, மனித முகத்தை மனித முகமாகவே காட்டும் நுட்பத்தை நோக்கித் திரும்பியது.

மறுதிசையில் ஒரு பயணம் 1950களில் தொடங்கியது. 1956 நவம்பரில் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியபோது அதன் உடை, ஒப்பனை வேலைகளைப் பொறுப்பேற்றவர் கலை வரலாற்றறிஞரும் கவிஞருமான சிறி குணசிங்க. நவீன அரங்குக்குப் பொருந்திய மரபொப்பனை எது என்ற கேள்வியைப் படித்தவர்கள் கையிலெடுத்தார்கள். பேராசிரியர் சு.வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என மட்டக்களப்புக் கூத்துகளை நகர மேடைக்குக் கொண்டுவந்தபோதும் அதே கேள்வி எழுந்திருக்க வேண்டும். தீப்பந்த ஒளிக்குப் பிறந்த முகங்கள் மின்னொளியின்கீழ் நின்றாக வேண்டியிருந்தது.

இதற்கிடையில் திரைப்படம் இன்னொரு பொருளைத் தந்திருந்தது. மாக்ஸ் ஃபக்டர் நிறுவனம் வண்ணப்படங்களுக்காக உருவாக்கி 1930களின் பிற்பகுதியில் வெளியிட்ட ‘பான்கேக்’. டல்க் கனிமத்தை அடிப்படையாகக் கொண்ட பொடியை வில்லையாக அழுத்தியிருந்தார்கள். ஈரப்பஞ்சால் எடுத்துப் பூசினால் பளபளப்பின்றிக் காயும். சென்னைப் படக்கூடங்களிலிருந்து கொழும்பு நாடகக்காரர்வரை, பின்னர் கல்யாண வீடுகள்வரை ‘பான்கேக்’ என்பது தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. திரிபுண்டர முறையின் இருபதாம் நூற்றாண்டு வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

புல்மோட்டையின் மணல்

இன்றைய கனிமப் பொடி அமெரிக்காவில் 1970களில் முளைத்து, 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சி விற்பனையால் பரவியது. அதன் உள்ளடக்கம் எளிமையானது. மறைப்புக்கு டைட்டேனியம் ஈரொட்சைட்டும் துத்தநாக ஒட்சைட்டும். நிறத்துக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஒட்சைட்டுகள், அதாவது நம் காவிக்கல்லின் உறவினர். மினுக்கத்துக்கும் வழுக்கலுக்கும் மைக்கா. ஆசனிக்கு, ஈயம், பாதரசம் ஆகியவற்றின் இடத்தை இவை எடுத்துக்கொண்டன. மேற்பூச்சைப் பொறுத்தவரை இது மெய்யான முன்னேற்றம்.

ஆனால் கல் எங்கிருந்தோ வரவேண்டும். டைட்டேனியத்தின் மூலப்பொருளான இல்மனைற்றும் ரூட்டைலும் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் கரிய மணலாகக் குவிந்து கிடக்கின்றன. 1957இல் அதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1997 செப்டெம்பரில் அங்கே மணல் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிட்டி’ என்ற கப்பல் தாக்கப்பட்டுச் சீன மாலுமிகளும் கொல்லப்பட்டதை என் வயதுச் செய்தியாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மணலை நாம் மணலாகவே விற்று, அத்தகைய மணலிலிருந்து பிறந்த வெண்பொடியை டப்பாவில் வாங்குகிறோம். மைக்காவின் கதை இன்னும் துயரமானது. இந்தியாவின் ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களில் சட்டவிரோதச் சுரங்கங்களில் குழந்தைகள் மைக்கா பொறுக்குவதும் மண்சரிந்து மடிவதும் 2016இல் ரொய்ட்டர்ஸ் விசாரணையால் உலகறிந்தது. அரிதாரம் அரைத்தவனை வரலாறு மறந்ததுபோல் மைக்கா பொறுக்கும் பிள்ளையை நாமும் மறந்துவிடக்கூடாது.

டல்க் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்தடியில் அது அஸ்பெஸ்டசின் அயலில் கிடைப்பதுண்டு. பல ஆண்டு வழக்குகளுக்குப் பின் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் டல்க் கலந்த குழந்தைப் பவுடரை வட அமெரிக்காவில் 2020இலும் ஏனைய நாடுகளில் 2023இலும் நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2024இல் டல்கை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. கனிமம் என்ற சொல் ஒருபோதும் தானாகவே உத்தரவாதம் ஆகாது.

காத்திருக்கும் கை

கிருலப்பனையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில் மணப்பெண் அலங்காரம் செய்யும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, முப்பது ஆண்டுகளாக இதே தொழில். பொடி ஏன் சிலருக்குத் திட்டாகிறது என்று அவரிடம் கேட்டேன். “பூசிறதில ஒண்டுமில்லைத் தம்பி. பூசுறதுக்கு முந்திக் காத்திருக்கிறதிலதான் எல்லாம் கிடக்கு” என்றார்.

அவருடைய முறையை எழுதிவைப்பது வரலாற்றுக் கடமை என்றே கருதுகிறேன். முகத்தைக் கழுவி ஒற்றித் துடைத்தபின் ஈரப்பதக் கிறீமை மெல்லியதாகப் பூசவேண்டும். வெயில்காப்புப் பூச்சு வேண்டுமானால் அதன்பிறகு. ஒவ்வொன்றுக்கும் இடையே சில நிமிடங்கள் விடவேண்டும். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது. ஈரமாய் நிற்கும் இடத்தில் பொடி கூடுதலாகப் பற்றிக் கருந்திட்டாகும். வறண்டு செதிலாய் நிற்கும் இடத்தில் தோலின் வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும். மிச்சப் பசையை மெல்லிய கடதாசியால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக்கூடாது. பிறகு பொடியை மூடியில் சிறிதளவு கொட்டி, அடர்ந்த தூரிகையால் சுழற்றி எடுத்து, ஓரத்தில் தட்டி உதிர்த்துவிட்டுச் சிறுசிறு வட்டங்களாகப் பூசவேண்டும். ஒரு தடித்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சுகள் நிற்கும். கொழும்பின் புழுக்கத்தில் வியர்த்தால் முதலில் ஒற்றவேண்டும். வியர்வையின்மேல் மீண்டும் பொடி போட்டால் களியாகும்.

நிறத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் முக்கியமானது. நம் மாநிறத்தின்மேல் வெளிறிய பொடியைப் பூசினால் டைட்டேனிய வெள்ளை சாம்பல் பூத்ததுபோல் தெரியும். தாடையோரத்தில் தடவிப் பார்த்துக் காணாமற்போகும் நிறமே சரியான நிறம். “ஆனா ஆர் கேக்கினம்? வெள்ளையாக்கிவிடுங்கோ எண்டுதானே தாய்மார் வருகினம்” என்றார்.

கீழே என்ன இருக்கிறது?

அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் முன்பு சொன்ன புரட்டல் அடங்கியிருக்கிறது. வெள்ளையாகும் ஆசை இப்போது பொடியை விட்டுக் கீழேயுள்ள கிறீமுக்குள் இறங்கிவிட்டது. தோலின் நிறமியைத் தடுக்கப் பாதரச உப்புகளைக் கலந்த வெளிறாக்கும் கிறீம்கள் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் விற்கப்படுவதை உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பாதரசம் தோலினூடாக உட்சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். அதன் ஆவி வீட்டிலுள்ள குழந்தையையும் விடாது. கியோத்தோவின் தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

பழைய கூத்தனுக்கு மேலே பூசியது நஞ்சு. அடியில் இருந்தது வெறும் தேங்காய் எண்ணெய். இன்றைய மணப்பெண்ணுக்கு மேலே இருப்பது பெரும்பாலும் தீங்கற்ற துத்தநாகமும் காவியும். அடியில் இருப்பது எதுவென்று பெட்டியில் எழுதியிருக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பொடி சீராக அமர்ந்துவிட்டால் அடிப்பூச்சை எவரும் கேட்பதுமில்லை.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. குறைந்த அளவு பாதரசத்துக்கு அழகுசாதனங்களில் இருந்த சலுகையையும் உறுப்பு நாடுகள் 2023இல் நீக்க முடிவு செய்தன. உள்நாட்டிலோ, 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனப் பொருட்களைத் தன் பெயரிலேயே கொண்டிருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்துகை அதிகாரசபைச் சட்டத்தின் பெயரில் மருந்து இருக்கிறது, அழகுசாதனம் இல்லை. எச்சரிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையில் யப்பான் ஏறத்தாழ அரை நூற்றாண்டைக் கழித்தது. நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை, ஏனெனில் அவர்கள் பட்டது எழுத்தில் இருக்கிறது.

அதுவரை செய்யக்கூடியது சிறிய காரியம். உற்பத்தியாளர் பெயரும் உள்ளடக்கப் பட்டியலும் இல்லாத கிறீமை வாங்காதிருப்பது. ஒரே கிழமையில் வெளுப்பு என்று சொல்லும் எதையும் சந்தேகிப்பது. மகளின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே அவளை வெள்ளையாக்க முனையும் தாய்மாரிடம், ஒப்பனைக்கார அம்மையார் சொல்லத் தயங்குவதை உறவினர் யாராவது சொல்லிவிடுவது. மாநிறத்துக்கு ஏற்ற பொடி இன்று கடையில் கிடைக்கிறது. அதன் நிறம் காவிக்கல்லின் உறவினர்களிலிருந்தே வருகிறது.